இரண்டாயிரத்து நானூறு வீட்டுப் புகை

கல்கத்தாவின் புகையை ஒரே நாளில் குறைத்தவன் நான். சும்மா சொல்லவில்லை, அரசாங்க முத்திரையோடு அச்சில் இருக்கிறது. 1979ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், ஜாதவ்பூரின் ஒரு மூலையில் மாதம் நூற்று அறுபத்தெட்டு டன் நிலக்கரி எரிவதைப் பென்சிலால் நிறுத்தினேன். புகைக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு அன்று மாலையும் ஆறு மணிக்கு எங்கள் சந்தில் வந்து நின்றது.

அடுத்த வருஷம் இன்னொன்றும் செய்தேன். மாநிலத்தின் பொருளாதாரத்தை வளர்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. உத்தியோகம் மத்திய அரசில், எரிபொருள் மதிப்பீட்டுப் பிரிவு என்ற ஓர் அலுவலகத்தில். கல்கத்தாவில் டல்ஹௌசி சதுக்கத்துப் பக்கம் மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, மின்சாரம் கிடையாது. நாடு எவ்வளவு எரிக்கிறது என்று எண்ணிச் சொல்வது எங்கள் வேலை. இயக்குநர் மஹாதேவன் பாலக்காட்டுக்காரர். அவருக்கு ஒரே ஒரு கொள்கை. வளர்கிற நாடு அதிகம் எரிக்கும். ஆகவே அதிகம் எரிக்கிற நாடு வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை ஒரு பெரிய தாளில் கோடாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். அடிப்பக்கம் எரிபொருள், இடப்பக்கம் வருமானம், நடுவில் மேலே ஏறும் கோடு. மின்வெட்டு நேரத்தில் மெழுகுவர்த்தியோடு அதன் முன்னால் போய் நிற்பார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தக் கோடு இன்னும் செங்குத்தாகத் தெரியும்.

ஆலைகள் எரிக்கும் கரியை எண்ணுவது சுலபம். வேகனில் வரும், ரசீது இருக்கும். வீட்டு அடுப்புதான் எங்களுக்கு எமன். கல்கத்தாவில் அப்போது பாதிச் சமையல் வாளி அடுப்பில். இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, அடியில் கம்பி வைத்து, கரி போட்டு எரிப்பார்கள். வங்காளிகள் உனுன் என்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வீட்டு வாளியும் சந்துக்கு வந்துவிடும். பற்றவைத்து, புகை அடங்கியதும் உள்ளே தூக்கிப் போவார்கள். புகை அடங்கும் என்பது ஒரு நம்பிக்கை. அது அடங்குவதில்லை, இடம் மாறும். பெரும்பாலும் என் மனைவி நீலாவதியின் நெஞ்சுக்குள் மாறும்.

அவளுக்கு வீசிங். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஐந்து குடித்தனங்கள் உள்ள ஒரு மூன்று மாடி வீட்டில், முதல் மாடியில் இரண்டு அறையும் ஒரு பால்கனியுமாக நாங்கள் இருந்தோம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பெண்கள். தெருமுனை டாக்டர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்று அடுப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுரையீரலை மாற்றுங்கள் என்பார். அடுப்பை மாற்ற எழுதிப் போட்டிருந்தோம். சமையல் கேஸுக்கு 1973இல் கொடுத்த மனு. வரிசை எண் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. ஆறு வருஷமாக அந்த எண் எங்கள் வீட்டில் ஒரு ஆளைப்போல இருந்தது. சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதினால் அதன் நலனையும் எழுதுவோம்.

இந்த நிலையில் எங்கள் அலுவலகம் வீட்டு அடுப்புக் கணக்கெடுப்பை ஆரம்பித்தது. கல்கத்தாவை முந்நூறு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வீடு. எண் அட்டவணையில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் எந்த வீடு வருகிறதோ அந்த வீடு. அந்த வீடு எரிப்பதைக் கேட்டு எழுதி, பகுதியில் எத்தனை வீடோ அத்தனையால் பெருக்கிவிட வேண்டியது. ஜாதவ்பூரில் எங்கள் பகுதியில் இரண்டாயிரத்து நானூறு வீடு. விரலை வைத்தவன் நான். வந்த வீடு என்னுடையது.

இதற்கென்றே ஒரு விதி இருந்தது. பதினான்காவது விதி. அலுவலக ஊழியரின் வீடு சீட்டில் விழுந்தால் அதைத் தள்ளிவிட்டு அட்டவணையில் அடுத்து வரும் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் எழுதியது நான். ஆனால் அடுத்து வந்த வீடு ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. நான்கு நாள் மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர். விதி எழுதியவனுக்கு விதியின்மேல் கொஞ்சம் சலுகை உண்டு என்று தோன்றியது.

ஆகவே என் மேஜையிலேயே உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். முறைப்படி குடும்பத் தலைவரைப் பேட்டி கண்டேன். அவர் என் நாற்காலியில்தான் இருந்தார். மாதம் எத்தனை கிலோ கரி என்று கேட்டேன். தயங்காமல், மரியாதையாகப் பதில் சொன்னார். அவரைச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இருபது கிலோ என்றார்.

மாதம் ஒரு நாற்பது கிலோ மூட்டை படியேறுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்ச் சங்கத்தில் ‘எரிபொருள் சிக்கனம்’ என்று ஒரு சொற்பொழிவு செய்திருந்தேன். பாத்திரத்தை மூடி வைத்துச் சமைத்தால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இருபது கிலோ போதும் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தேன். மூன்றாவது வரிசையில் நீலாவதி இருமிக்கொண்டிருந்தாள். சொற்பொழிவு செய்தவன் வீட்டில் நாற்பது எரிகிறது என்று அரசாங்கத் தாளில் எழுத எந்தக் குடும்பத் தலைவருக்கு மனம் வரும்.

இரண்டு மாதம் கழித்து மழை விட்டது. வினை வந்தது. தென் கல்கத்தாவுக்குப் புதிதாக ஐயாயிரம் கேஸ் இணைப்பு தரப்போகிறார்கள்; எந்தப் பகுதியில் வீட்டுக்கு எண்பது கிலோவுக்கு மேல் கரி எரிகிறதோ அங்கே முதலில், மற்றவர்களுக்கு அப்புறம். அப்புறம் என்றால் எப்போது என்று எவரும் கேட்கவில்லை. பட்டியலை எங்கள் அலுவலகம்தான் கொடுத்தது. நானே நகல் எடுத்தேன். தென் கல்கத்தாவின் முப்பது பகுதிகளில் முப்பதாவது எங்கள் பகுதி. இருபது கிலோ. சுற்றியுள்ள இடமெல்லாம் எண்பத்தைந்து, தொண்ணூறு. நடுவில் நாங்கள் மட்டும் இரண்டாயிரத்து நானூறு முனிவர் குடும்பங்கள்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரம்மாவை நாங்கள் எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடுவோம், பெரியம்மா மாதிரி. அவர் பத்திரிகையில் பட்டியலைப் படித்துவிட்டு எங்கள் வாசலுக்கே வந்து நின்று, இருபது கிலோ என்று எழுதிக் கொடுத்த அந்த மகாபாவி யாரென்று தெரிந்தால் அவன் தலையில் சாம்பலைக் கொட்டுவேன், அவன் வீட்டு அடுப்பு பற்றாமலே போகட்டும் என்று வங்காளியில் விஸ்தாரமாகச் சபித்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கிரமம்தான் மாஷிமா என்றேன்.  நீலாவதி சுவரில் ஒட்டியிருந்த மனு ரசீதைப் பார்த்தாள். அந்த வருஷம் அவளுக்குக் குளிர்காலம் வருவதற்கு முன்னாலேயே இழுப்பு ஆரம்பித்திருந்தது. பேச்சுக்கு நடுவில் மூச்சு விட நின்றது போய், மூச்சுக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மஹாதேவன் முன்னால் போய் நின்றேன். ஒரு பகுதியின் எண் மட்டும் சந்தேகமாக இருக்கிறது, மறு அளவு எடுக்கலாம் என்றேன். மேலே போகும் தாளில் வீட்டு எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“சுத்தியும் தொண்ணூறு, நடுவுல இருபதா? வேலாயுதம், ஒண்ணு இந்த ஆத்துக்காரன் சன்யாசி, இல்லேன்னா புளுகன்.”

“சன்யாசியா இருக்கலாம் சார்.”

“சன்யாசிக்கு எதுக்கு ஓய் அடுப்பு?”

ஏழு நாள் தராசு வைத்து அளக்கும்படி உத்தரவு போட்டார். காலையில் மூட்டையை நிறுத்து, மறுநாள் காலையில் மறுபடி நிறுத்து, குறைந்ததை எழுதுவது. அந்த வேலை அமலாவுக்குப் போனது. தற்காலிக ஊழியர், கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா அம்மா தமிழ், மற்றதெல்லாம் வங்காளி. எண்களைத் தமிழில் சொல்லச் சொன்னால் விரலை மடக்குவாள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வரம்பு எண்பது. என் வீட்டில் எரிவது, எனக்குத் தெரிந்தவரை, நாற்பது. உண்மையைச் சொன்னாலும் கேஸ் கிடையாது என்றுதான் நினைத்தேன். குறைத்துச் சொன்ன பொய்யைக் கூட்டிச் சொல்லும் பொய்யால்தான் சரிசெய்ய முடியும். தராசு வாய்ப் பேச்சை நம்பாது. அதற்குக் கரியை எரித்தே காட்ட வேண்டும்.

நான்கு மூட்டை கரி வாங்கி ஏற்றினேன். பிறகு மாடி மாடியாக ஏறி இறங்கி, திங்கட்கிழமை முதல் ஏழு நாளைக்கு எல்லோரும் எங்கள் அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம், கரி எங்களுடையது, ஆபீஸ் பரிசோதனை ஒன்று நடக்கிறது என்று அறிவித்தேன். மாஷிமா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் சம்மதித்தார். நீலாவதியிடம், அக்கம்பக்கத்தாரோடு நெருங்கிப் பழக ஒரு வாய்ப்பு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பத்து வருஷம் நெருங்கித்தான் இருந்தோம். இரண்டு கழிப்பறைக்கு ஐந்து குடும்பம்.

திங்கட்கிழமை அமலா தராசோடு படியேறி வந்து, கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுடைய வேலையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். உள்ளே வந்து மூட்டையை நிறுத்தாள். நீலாவதியைப் பார்த்து, “பௌதி, ஏக்டு தண்ணி குடுங்க” என்றாள். பௌதி என்றால் அண்ணி, ஏக்டு என்றால் கொஞ்சம். நீலாவதிக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

அன்று எங்கள் பால்கனியில் மூன்று வாளி அடுப்பு எரிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சைவம் சமைத்த கைகளுக்கு நடுவே மாஷிமாவின் ஹில்சா மீன் கடுகு எண்ணெயில் குதித்தது. நீலாவதி சுவரில் இருந்த முருகன் படத்துக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டாள். இரண்டாம் மாடிக்காரர்கள் இருக்கிற சட்டையையெல்லாம் கொண்டுவந்து சோடா போட்டு வேக வைத்தார்கள். கீழ்வீட்டில் கல்யாணத்துக்கு வேண்டிய நாரு, அதாவது தேங்காய் உருண்டை, முந்நூறு கிளறினார்கள். புகையில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. என் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே கூடுதல் நேரம் இருந்துவிட்டு வந்தார்கள், படிப்பில் திடீர் அக்கறை.

செவ்வாய்க்கிழமை காலை அமலா நிறுத்துப் பார்த்தாள். ஒரு நாளில் பதினான்கு கிலோ. முப்பதால் பெருக்கினாள், இரண்டாயிரத்து நானூறால் பெருக்கினாள். எங்கள் பகுதி மாதம் ஆயிரத்தெட்டு டன் எரிக்கிறது என்று வந்தது. அர்ச்சனைக்கு ஏற்ற எண் என்று நான் சமாதானம் சொன்னேன். “சார், பாண்டேலுக்கு எதுக்கு பவர் ஹவுஸ், உங்க பாராந்தா போதும்” என்றாள். பாண்டேல் அனல்மின் நிலையத்தைச் சொன்னாள்; பாராந்தா என்றால் பால்கனி. எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை நீலாவதியைக் காணவில்லை. கீழே போகும் படிக்கட்டில், காற்று வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சீழ்க்கை, வெளியே வரும்போது இரண்டு. அமலா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மேலே எங்கள் பால்கனியில் யாருடைய பருப்போ கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்றேன். கையைக் காட்டி நிற்கச் சொன்னாள்.

“ஒண்ணு கேக்கேன், நேரா சொல்லுங்க. அந்த இருவது கிலோ எளுதிக் குடுத்தது யாரு?”

“குடும்பத் தலைவர்,” என்றேன்.

“அவியளுக்கு அடுப்பு எந்த மூலைல இருக்குன்னு தெரியுமா?”

இதற்குப் பதில் தெரிந்திருந்ததில் எனக்குச் சந்தோஷம். “இடது மூலையில்,” என்றேன்.

“போன ஆவணிலயே வலப்பக்கம் மாத்தியாச்சு.”

அமலா ஜன்னல் வழியாக வெளியே எதையோ கவனமாகப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, பதினான்காவது விதி, சொற்பொழிவு, நாற்பது கிலோ, எண்பது வரம்பு, ஹில்சா. சொல்லச் சொல்ல அது ஒரு புத்திசாலியின் கதைபோல ஆரம்பித்து வேறு யாருடைய கதையாகவோ முடிந்தது.

“நாப்பதுன்னு யாரு சொன்னா?” என்றாள் நீலாவதி. பிறகு அமலாவிடம் திரும்பினாள். “எளுதும்மா. மாசம் ஒண்ணரை மூட்ட. ஒண்ணு இவிய இருக்கையில வரும், அரை இவிய ஆபீசு போன பெறவு வரும். அது அறுவது. பெறவு, கரிக்கடையில கூட்டித் தள்ளுத தூள அள்ளியாந்து, களிமண்ணும் கஞ்சியும் ஊத்தி உருட்டி மொட்டமாடில காயப் போடுதேன்ல்லா, அது நாளைக்கு ஒரு கிலோ.”

அந்தக் கரித்தூள் உருண்டைக்கு வங்காளத்தில் குல் என்று பெயர். எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் காய்ந்துகொண்டிருக்கும். நானும் பத்து வருஷமாகத் துணி எடுக்கப் போகும்போது மிதிக்காமல் தாண்டியிருக்கிறேன். அது எரிபொருள் என்று எனக்குத் தோன்றியதில்லை. ரசீது இல்லாதது எங்கள் பிரிவின் கண்ணுக்குத் தெரியாது.

“பத்தவைக்க?” என்று கேட்டாள் அமலா, பேனாவை எடுக்காமல்.

“இவிய கட்டுக் கட்டாக் கொண்டாந்து போடுத ஆபீசு புஸ்தகம். சிக்கனத்தப் பத்தி எளுதுனது நல்லாப் பிடிக்கும். புகைதான் சாஸ்தி.”

அறுபதும் முப்பதும் தொண்ணூறு. வரம்பு எண்பது. நான் படிக்கட்டில் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். உண்மையே பத்து கிலோ மிச்சத்தோடு வரம்பைத் தாண்டி நின்றிருந்தது. நான்கு மூட்டை கரியும், மூன்று அடுப்பும், முந்நூறு தேங்காய் உருண்டையும், இவளுக்கு மூன்று நாள் இழுப்பும் வேண்டியிருக்கவில்லை. இந்தியாவின் அடுப்பையெல்லாம் எண்ணத் தெரிந்தவனுக்குச் சமையலறைக்குள் தலையை நீட்டி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அமலா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். சொன்னால் மட்டும் போதாது, அளக்க வேண்டும், மூன்று நாள் கணக்கைக் கிழித்துவிட்டு நாளையிலிருந்து புதிதாக ஏழு நாள், ஒரே குடும்பம், ஒரே அடுப்பு, உருண்டையும் தராசில் ஏறும் என்றாள். பிறகு குரல் இறங்கியது.

“சார், மொதல் ஃபார்ம் எங்க வச்சு எளுதினதுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் கி லிகபோ? என்ன எளுதட்டும்?”

அந்தக் கட்டத்தை நிரப்பினால் எனக்கு மெமோ வரும். நிரப்பாவிட்டால் பழைய இருபது நிற்கும். நான் நீலாவதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூச்சு விடும் வேலையில் இருந்தாள். ஒரு சீழ்க்கை, பிறகு இரண்டு.

“உள்ளதை எழுதும்மா,” என்றேன். “என் மேஜையில்.”

ஏழு நாள் அளந்ததில் இருபத்தொரு கிலோ முந்நூறு கிராம். மாதம் தொண்ணூறு, அதாவது நாளைக்கு மூன்று கிலோ என்று நீலாவதி சொன்ன கணக்கில் ஒரு கைப்பிடிகூடப் பிசகில்லை.

மஹாதேவன் மெமோவைத் தானே எழுதினார். பதினான்காவது விதியை அதை எழுதியவனுக்கே மேற்கோள் காட்டியிருந்தார், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி. விதிப்படி என் வீடு கணக்கெடுப்பிலிருந்து நீங்கியது. நீலாவதியின் தொண்ணூறும் அதோடு போனது. பதிலுக்கு அந்த ரயில் பாதைச் சந்து வீட்டுக்கு நான் போக வேண்டும். போனேன். இப்போதும் கணுக்கால் தண்ணீர். குடும்பத் தலைவர் முப்பது என்றார். பழக்கதோஷத்தில் முப்பது என்று எழுதப் போய் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து அந்த அம்மாளைக் கேட்டேன். தொண்ணூற்றாறு என்றார். தராசும் அதையே சொன்னது. எங்கள் பகுதி கேஸ் பட்டியலில் ஏறியது.

தண்டனை அதோடு தீரவில்லை. மஹாதேவன் ஒரு கேள்வி கேட்டார்.

“உம்ம ஆத்து அடுப்பே உமக்குத் தெரியலை. மத்த எரநூத்துத் தொண்ணூத்தொம்பது பேர் மட்டும் தெரிஞ்சா சொல்லியிருப்பான்?”

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வீட்டுக்கும் நான் நடந்தே போய், சமைக்கிறவர்களைக் கேட்டு வர வேண்டும் என்றார். எட்டு மாதம் நடந்தேன், ஒரு செருப்பு டம் டம்மிலும் இன்னொன்று சால்ட் லேக் கட்டுமான மணலிலும் போயிற்று. எல்லா வீட்டிலும் இரண்டு எண் இருந்தது, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று. எந்த வீட்டிலும் அவை ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

இப்படித்தான் பொருளாதாரம் வளர்ந்தது. திருத்திய அறிக்கையில் கல்கத்தாவின் வீட்டு எரிபொருள் ஒரே வருஷத்தில் நாற்பது சதவீதம் கூடியிருந்தது. எங்கள் இயக்குநரின் கோடு டெல்லியிலும் ஒரு சுவரில் ஒட்டியிருந்தது போலிருக்கிறது. எரிபொருள் நாற்பது கூடினால் வருமானமும் அதற்கேற்பக் கூடியிருக்க வேண்டும் என்று அங்கே யாரோ அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு, வளர்ச்சிக்காக எங்களைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். ஆலைகள் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்த வருஷம் அது. கடிதம் வந்தபோது மின்சாரம் இல்லை. அமலா ஜன்னலோரம் பிடித்து வாசித்தாள்.

எட்டு வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறும் சமயத்தில், வெளிநாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். நாங்கள் கரியைக் கரியாகத்தான் எண்ணினோம்; அது காற்றில் போன பிறகு தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும் வழக்கம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஏழை நாடு வளரும்போது தலைக்கு எவ்வளவு கரியமில வாயு என்பது அவர் விஷயம். ஜாதவ்பூர் வரிசையில் 1979இல் ஒரு பெரிய பள்ளம், உடனே ஒரு மலை. அதற்கு அவரிடம் மூன்று விளக்கங்கள் இருந்தன, மூன்றும் நன்றாக இருந்தன. உண்மையான காரணம் என்ன என்று என்னைக் கேட்டார். மழை என்றேன். எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு மழை பெய்யாவிட்டால் நான் அந்தச் சந்துக்குப் போயிருப்பேன்.

கேஸ் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1980 தை மாதம், நாலாயிரத்து நூற்றுப் பதினேழு என்று எங்கள் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டு ஒருவர் சிவப்பு சிலிண்டரைத் தோளில் வைத்துப் படியேறினார். நீலாவதி அடுப்பைப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. அதற்குச் சத்தமே இல்லாததால் எரிகிறதா என்று நான் கையை நீட்டிப் பார்த்துச் சுட்டுக்கொண்டேன். பாலைக் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தாள்.

மாலை ஆறு மணி. ஜன்னல் வழியாக எப்போதும் போலப் புகை வந்தது. பகுதி பட்டியலில் ஏறியது உண்மை, ஆனால் எங்கள் கட்டடத்தில் 1973இல் மனுப் போட்டது நாங்கள் மட்டும்தான். மற்ற நான்கு வாளியும் வழக்கம்போலச் சந்தில் இருந்தன. நீலாவதி இருமினாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள் என்று நினைத்தேன். பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“மாஷிமா, உனுன் நிபியே தின். ஓபரே ஆஷுன்.” அடுப்பை அணையுங்கள், மேலே வாருங்கள்.

வந்தார்கள். வாணலியோடு, பருப்போடு, ஹில்சாவோடு. நீலாவதியே மறுபடி முருகனுக்குத் துண்டைப் போர்த்தினாள். அன்றைக்கு எங்கள் சந்துத் துண்டில் மட்டும் புகை இல்லை. மறுநாளும் இல்லை. நான் பொய்க் கணக்குக்காகக் கூட்டிய அதே கூட்டம், அதே பால்கனி. ஆனால் அவள் நடுவில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டு, நிற்காமல், மூச்சு வாங்காமல், முழு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு நீளமாகப் பேச வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் பேசினாள். மாஷிமாவுக்கு அந்த மகாபாவி யாரென்று அப்போதுதான் தெரிந்தது. சாம்பல் கொட்ட முடியவில்லை. கேஸ் அடுப்பில் சாம்பல் கிடையாது.

ஒரு மாதம் வர வேண்டிய சிலிண்டர் பதினோராவது நாள் தீர்ந்தது. முப்பது நாளைக்கு ஒன்றுதான் தருவோம் என்றார்கள். மிச்சம் பத்தொன்பது நாளைக்கு வாளி அடுப்பு வேண்டும். நீலாவதி அதைத் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மேலே ஒரு விசிறி.

“பத்து வருசம் நா ஊதியாச்சு. இனி கேஸ் இல்லாத நாளு உங்களுக்கு.”

அன்று மாலை ஆறு மணிக்கு மத்திய அரசு உத்தியோகஸ்தன் ஒருவன் சந்தில் நான்கு பெண்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து விசிறினான். மாஷிமா தன் வாளியை விட்டுவிட்டு, அடியில் தாள், அதன்மேல் உருண்டை, அதன்மேல் கரி என்று கைகாட்டிச் சொன்னார். தாளுக்கு என் சொற்பொழிவின் அச்சுப் பிரதி இருந்தது. நன்றாகவே பிடித்தது. புகை சாஸ்திதான்.

அடுத்த வருஷக் கணக்கெடுப்புக்கு எங்கள் சந்து வழியாகப் போன அமலா என் பக்கத்தில் நின்றாள். அந்தச் சுற்றில் எங்கள் வீடு சீட்டில் விழவில்லை. ஆனாலும் பழக்கத்தில் கேட்டாள், சார், இன்னைக்கு எத்தனை உருண்டை என்று. பதினாறு என்றேன், யோசிக்காமல். உருட்டியவன் நான்.

அவள் எழுதிக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டுச் சீட்டில் விழுந்த வீட்டைத் தேடிப் போனாள். கண்ணில் நீர் வழிய நான் விசிறிக்கொண்டிருந்தேன். அந்தப் புகையை யாரும் இரண்டாயிரத்து நானூறால் பெருக்கவில்லை.